பால் பாக்கெட்டைக் காணோம்!

உங்கள் வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ உண்டா? உண்டென்றால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பத்திரப்படுத்திக் கொள்ளுங்கள். என்றைக்காவது ஒரு மாலை அந்தக் குழந்தை முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டு வந்து நிற்கும்.

"திங்கட்கிழமைக்குள் ஒரு சினிமாவுக்கு முன்னோட்டம் எடுத்துக் கொண்டு போக வேண்டும், அப்பா. ஒரு யோசனையும் வரமாட்டேன் என்கிறது" என்று முறையிடும்.

"சினிமாவை எடுத்தாகிவிட்டதா?" என்று நீங்கள் கேட்பீர்கள்.

"சினிமாவே கிடையாது. முன்னோட்டம் மட்டுந்தான். பேய்க் கதை, காதல் கதை, துப்பறியும் கதை, ஹாஸ்யக் கதை, எந்த ரகமாகவும் இருக்கலாமாம்."

பெண்ணே பார்க்காத வீட்டில் சம்பந்தி விருந்துக்கு இலை போடுகிறார்களே என்று உங்களுக்குத் தோன்றும். சிரித்து விடாதீர்கள். சினிமாவைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி. ஒரு நிமிஷத்துக்குள் கதை, படப்பிடிப்பு, ஒலி, வெட்டி ஒட்டும் வேலை ஆகிய நாலிலும் கை வைத்தாக வேண்டுமல்லவா?

இல்லாத படத்துக்கு எடுத்த முன்னோட்டம் பிறகு பெரிய படமாகவே ஆனதும் உண்டு. 2007-ல் அமெரிக்காவில் 'கிரைண்ட்ஹவுஸ்' என்ற படம் வந்தது. அதன் நடுவே, எடுக்கப்படாத சில படங்களுக்கு வேடிக்கையாக முன்னோட்டங்களைச் சேர்த்திருந்தார்கள். அவற்றில் ஒன்றான 'மசெட்டே'யை ராபர்ட் ரோட்ரிகஸ் 2010-ல் முழுப் படமாகவே எடுத்து விட்டார். அதே சமயத்தில், பொய் முன்னோட்டங்களுக்கு ஒரு போட்டியும் நடந்தது. ஜெயித்தவர் ஜேசன் ஐஸ்னர் என்ற கனடா நாட்டு இளைஞர். அவருடைய முன்னோட்டமும் 2011-ல் முழு நீளப் படமாக வெளிவந்தது. நம் ஊரிலும் பாலாஜி மோகன் எடுத்த 'காதலில் சொதப்புவது எப்படி' என்ற குறும்படம் 2012-ல் அதே பெயரில் பெரும்படமாயிற்று. ஆகவே, "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டுக் குழந்தையின் உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு நீங்களும் உட்காருங்கள்.

முன்னால் வந்த பின்னால்

முன்னோட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டிரெய்லர்' என்ற பெயருக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். பேர் சரியாகத்தான் இருந்தது. ஆரம்ப காலத்தில் அதைப் படம் முடிந்த பிறகுதான் காட்டினார்கள். 'சுபம்' விழுந்த பிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆகவே அதைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். பெயர் மட்டும் பின்னாலேயே தங்கி விட்டது. நம்முடைய 'முன்னோட்டம்' எவ்வளவு ஒழுங்கான சொல் பாருங்கள்!

1913-ல் நியூயார்க்கில் நில்ஸ் கிரான்லண்ட் என்பவர் காட்டியதை முதல் முன்னோட்டங்களில் ஒன்று என்று சொல்வார்கள். மார்கஸ் லோ என்ற தியேட்டர் முதலாளியிடம் விளம்பர வேலை பார்த்தவர் அவர். தமாஷ் என்னவென்றால், அந்த முன்னோட்டம் சினிமாவுக்கே அல்ல. ஒரு மேடை நாடகத்துக்கு! நாடக ஒத்திகையைப் படம் பிடித்து சினிமாக் கொட்டகையில் காட்டி, "அடுத்தாற்போல் இதைப் பார்க்க வாருங்கள்" என்று அழைத்திருக்கிறார்.

இந்த வித்தை நமக்கும் புதிதல்ல. பழைய பாட்டுப் புஸ்தகங்களை உங்கள் பாட்டியார் பெட்டியில் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். கதைச் சுருக்கம் மளமளவென்று போகும். கதாநாயகியை வில்லன் தூக்கிக் கொண்டு போவான். கதாநாயகன் குதிரை ஏறுவான். அங்கே நின்று விடும். "மீதியை வெள்ளித் திரையில் காண்க!" காலணாப் புஸ்தகத்தில் ஒரு முழு முன்னோட்டம்! எதைச் சொல்ல வேண்டும் என்பதைக் காட்டிலும் எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் இந்தக் கலையின் உயிர். வாராவாரம் தொடர்கதை படித்துவிட்டு 'தொடரும்' என்ற சொல்லின் மேல் கோபப்படுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

முதலில் மௌனம், பிறகு கச்சேரி

யோசனை எப்படி வரும்? நாலு பேர் கூடி உட்கார்ந்தால் வந்துவிடும் என்பது மாணவர்களின் நம்பிக்கை. நாலு பேர் கூடினால் வடை வரும், காப்பி வரும், பாதி வகுப்பின் வம்பும் வரும். யோசனை மட்டும் வாசலோடு நின்று விடும்.

அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பர நிபுணர் இதற்குச் சில விதிகள் வகுத்தார். 1953-ல் புத்தகமாகவும் எழுதினார். யாரும் யாருடைய யோசனையையும் குறை சொல்லக் கூடாது. எத்தனைக்கெத்தனை அதிகமோ அத்தனைக்கத்தனை நல்லது. பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுவதையும் சொல்லலாம். ஒருவர் சொன்னதோடு இன்னொருவர் சேர்த்துச் சொல்லலாம். இவைதாம் அந்த விதிகள்.

அழகான விதிகள். ஆனால் 1958-ல் யேல் சர்வகலாசாலையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து யோசித்த குழுவைவிட, தனித்தனியாக யோசித்த அதே எண்ணிக்கையுள்ள ஆட்கள் அதிக யோசனைகளை எழுதியிருந்தார்கள். ஆகவே நம் வீட்டுக் கச்சேரியை இப்படி வைத்துக் கொள்வோம். முதல் பத்து நிமிஷம் எல்லாரும் வாயை மூடிக் கொண்டு தனித்தனியே எழுத வேண்டும். ஒரு யோசனை, ஒரு வாக்கியம்; பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதினால் அடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கூட்டம். குறை சொல்கிறவர்கள் அதற்கும் அரை மணி கழித்து வந்தால் போதும். அதுவரை அவர்களைக் கடைக்கு அனுப்பி வையுங்கள்.

இன்னொரு யுக்தியும் உண்டு. மாணவர்கள் பெரும்பாலும், "பேய்க் கதைக்கு என்ன கதை? காதல் கதைக்கு என்ன கதை?" என்று ரகத்துக்கு ஒரு கதையாகத் தேடி அலைவார்கள். அது வேண்டாம். ஒரே ஒரு சின்னச் சம்பவத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதையே எல்லா ரகங்களிலும் ஓட்டிப் பாருங்கள். பெரிய சம்பவமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சின்னதாக இருக்க இருக்க நல்லது, செலவு குறையும்.

உதாரணமாக, ஓர் அடுக்கு மாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடி. விடியற்காலை. கிரில் கதவில் பால் பை தொங்குகிறது. உள்ளே கை விட்டால், பால் பாக்கெட்டைக் காணோம்!

இதைவிட ஏழைக் கதை இருக்க முடியாது. ஒரு பை, ஒரு கதவு, ஒரு மாடிப்படி. சரி, ஆரம்பிக்கலாமா?

ஒரு பாக்கெட், ஐந்து ரகம்

ஹாஸ்யம்: சிரிப்புப் படத்தின் முன்னோட்டத்தில் யாரும் சிரிக்கக் கூடாது, அதுதான் ரகசியம். சின்ன விஷயத்தைப் பெரிய குரலில் சொல்ல வேண்டும். சரித்திரப் படங்களில் வருமே, கோட்டை வாசலை அதிர வைக்கும் குரல், அதை வரவழையுங்கள். "ஒரு வீடு..." (இருட்டில் கதவு). "ஒரு பாட்டி..." (கண்ணாடியைத் துடைக்கிறாள்). "அவளுடைய டிகாக்ஷன்..." (பித்தளை பில்டரிலிருந்து சொட்டுச் சொட்டாய் இறங்குகிறது). "ஆனால் விதி வேறு விதமாக நினைத்தது!" (காலிப் பை காற்றில் ஆடுகிறது). பாட்டி மெதுவாகத் தலையைத் திருப்பி, "ஏண்டா, பால் எங்கேடா?" என்கிறாள். முடிந்தது. ஐந்தே காட்சிகள்.

துப்பறிதல்: 1941-ல் வெளியான 'சிட்டிஸன் கேன்' படத்துக்கு ஆர்சன் வெல்ஸ் தயாரித்த முன்னோட்டத்தில், படத்தின் கதாநாயகரான அவருடைய முகமே வராது, குரல் மட்டும் வரும். மற்ற நடிகர்களை அறிமுகம் செய்து வைப்பார். கேன் என்ற அந்த மனிதரைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுவார்கள். நம் பால் பாக்கெட்டுக்கும் இதுவே சரி. பாக்கெட்டைக் காட்டவே காட்டாதீர்கள். எதிர் வீட்டுக்காரர் மேஜையில் ஆவி பறக்கும் காப்பி. மேல் மாடியில் பாயசம் கிண்டும் சத்தம். படிக்கட்டில் நாக்கால் மீசையை நக்கிக் கொள்ளும் பூனை. "நான் பால் சாப்பிடுவதை நிறுத்தி இரண்டு வருஷமாச்சு ஸார்" என்று கேட்காமலே சொல்லும் ஒரு மாமா. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர் மேல் பார்க்கிறவர்களுக்குத் தானாகச் சந்தேகம் வந்துவிடும்.

காதல்: இதற்குப் பேச்சே வேண்டாம். எதிரெதிரே இரண்டு கதவுகள், இரண்டு பைகள். திங்கட்கிழமை, அவள் பை காலி. செவ்வாய்க்கிழமை, அவள் பையில் இரண்டு பாக்கெட். அவன் பை காலி. புதன்கிழமை, அவன் பையில் இரண்டு. அவள் பை காலி. வியாழக்கிழமை, இரண்டு கதவுகளும் ஒரே சமயத்தில் திறக்கின்றன. அங்கே திரையை இருட்டாக்கி விடுங்கள். முகங்களைக் காட்ட வேண்டாம். வளையல் அணிந்த ஒரு கை, கடிகாரம் கட்டிய ஒரு கை, அது போதும். முகத்தைப் பார்க்கிறவர்கள் தாங்களே கற்பனை செய்து கொள்வார்கள். நம் வகுப்பில் கிடைக்கும் கதாநாயகனைவிட அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

விஞ்ஞானக் கதை: ராக்கெட் வாங்கப் பணம் ஏது? கண்ணாடிப் பெட்டி ஒன்று போதும். நூறு வருஷம் கழித்து ஒரு பொருட்காட்சி சாலை. பெட்டிக்குள் காலிப் பால் பாக்கெட். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குழந்தைகளுக்கு விளக்குகிறார்: "இதற்குள் பால் என்று ஒரு திரவம் இருந்ததாம்." ஒரு குழந்தை கேட்கிறது: "யார் கொடுத்தாங்க?" "பசு." "பசுன்னா?" வெள்ளைச் சட்டைக்காரர் விழிக்கிறார். மறு காட்சியில் கண்ணாடிப் பெட்டி காலி! எங்கோ தூரத்தில் ஒரு மாடு கத்துகிறது.

பேய்: இந்த ரகத்தில் மாணவர்கள் செய்கிற காரியம் ஒன்றுதான்: முகத்தில் மாவைப் பூசிக் கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்து கத்துவது. பயப்படுவதற்குப் பதில் பார்க்கிறவர்களுக்குப் பசி வரும். ஹிட்ச்காக் 1960-ல் 'சைக்கோ' படத்துக்கு எடுத்த முன்னோட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும். அதில் படத்தின் காட்சிகள் கிடையாது. ஹிட்ச்காக்கே வந்து, வீடு விற்கும் தரகரைப் போல, கொலை நடந்த இடங்களைச் சாவதானமாகச் சுற்றிக் காட்டுவார். சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தி முகத்தைச் சுளிப்பார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்குவார். ஒரு பெண்ணின் வீறிடல்! அவ்வளவுதான்.

நம் கதைக்கும் சத்தந்தான் பேய். விடியற்காலை நாலரை மணி. மாடிப்படி விளக்கு ஒன்று மினுக்கு மினுக்கென்கிறது. யாரோ ஈரமான காகிதப் பையை இழுத்துக் கொண்டு வருகிற மாதிரி 'சரக்... சரக்...' காற்றே இல்லை. ஆனால் பால் பை ஆடுகிறது. தரையில் வெள்ளையாய்ச் சொட்டுகள். படியேறிப் போகின்றன. சுவரோரம் திரும்பி, சுவரின் மேலே ஏறி, பாதியில் நின்று விடுகின்றன. நாமும் அங்கேயே நின்று விட வேண்டும்.

ஒரே முகம், மூன்று மனிதர்கள்

இப்படி ஓட்டிப் பார்த்ததும் ஒரு சந்தேகம் எழும். சம்பவம் ஒன்றுதான். வீடு ஒன்றுதான். பை ஒன்றுதான். அப்படியானால் ஹாஸ்யம் எங்கிருந்து வந்தது? பயம் எங்கிருந்து வந்தது?

2005-ல் நியூயார்க்கில் உதவிப் படத்தொகுப்பாளர்களுக்கு ஒரு போட்டி நடந்தது. பழைய படம் ஒன்றை எடுத்துக் கொண்டு, அதை வேறு ரகப் படம் போல் காட்டும் முன்னோட்டம் தயாரிக்க வேண்டும். ராபர்ட் ரியாங் என்ற இளைஞர் எடுத்துக் கொண்டது ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980). மனிதன் ஒருவன் புத்தி பேதலித்துத் தன் மனைவியையும் மகனையும் கோடரியோடு துரத்தும் பயங்கரப் படம் அது. ரியாங் புதிதாக எதையும் படம் பிடிக்கவில்லை. அதே காட்சிகளை வெட்டி வேறு வரிசையில் ஒட்டினார். இனிமையான பாட்டு ஒன்றையும், அன்பொழுகும் அறிமுகக் குரல் ஒன்றையும் சேர்த்தார். அப்பாவும் பிள்ளையும் பாசத்தில் இணையும் குடும்பச் சித்திரம் தயார்! போட்டியில் அவருக்கே பரிசு.

இதன் வேர் இன்னும் பழையது. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு மாஸ்கோவில் சினிமாப் பள்ளிக்கூடம் ஏற்பட்டபோது லெவ் குலெஷோவ் என்ற இளைஞர் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார். கச்சா பிலிம் கிடைக்காத பஞ்ச காலம். மாணவர்கள் பிலிமே இல்லாமல், படமெடுப்பது போல நடித்துப் பழகினார்கள். இன்று பையில் செல்போனை வைத்துக் கொண்டு "வசதியில்லை" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தக் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். மொஸ்ஜுகின் என்ற பிரபல நடிகரின் முகம். அதில் எந்த உணர்ச்சியும் இல்லை. அந்த ஒரே முகத்தை மூன்று இடத்தில் ஒட்டினார். ஒரு தடவை, முகத்தை அடுத்து ஒரு தட்டில் சூப். இன்னொரு தடவை, சவப்பெட்டியில் ஒரு பெண். மூன்றாவது தடவை, பொம்மையோடு விளையாடும் குழந்தை. பார்த்தவர்கள் நடிகரைப் புகழ்ந்து தள்ளினார்களாம். சூப்பைப் பார்த்து என்ன யோசனை! இறந்தவளைப் பார்த்து என்ன துக்கம்! குழந்தையைப் பார்த்து என்ன மலர்ச்சி! முகமோ மூன்று இடத்திலும் ஒன்றேதான். அவருடன் பணியாற்றிய புதோவ்கின் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் நம் பால் பாக்கெட் கொஞ்சம் கனக்க ஆரம்பிக்கிறது.

உண்மையாகச் சொல்லுங்கள். நிஜமாகவே ஒரு காலை உங்கள் வீட்டில் பால் பாக்கெட்டைக் காணவில்லை என்றால், முதலில் யார் பெயர் உங்கள் வாயில் வரும்? எதிர் வீட்டு மாமா பெயரா? மேல் மாடிப் பாயசமா? அநேக வீடுகளில், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் பெயர் வரும். அல்லது வாசலில் இரவெல்லாம் விழித்திருந்த வாட்ச்மேனின் பெயர் வரும். அவர்கள் எடுத்ததைப் பார்த்தவர் எவருமில்லை. ஆனாலும் அந்தப் பெயர்தான் முதலில் வரும்.

இப்போது நம் மாணவனுடைய கேமராவில் அந்த அம்மாளின் முகம் பதிவாகி இருக்கிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். வேலைக்கு வந்தவள் படியில் நின்று மூச்சு வாங்கிக் கொள்கிறாள். இரண்டு விநாடிக் காட்சி. அதில் எந்த உணர்ச்சியும் இல்லை. அந்த இரண்டு விநாடியைக் காலிப் பைக்கு அடுத்தாற்போல் ஒட்டினால், அவள் திருடி. அவள் வீட்டில் தூங்கும் பேரக் குழந்தைக்கு அடுத்தாற்போல் ஒட்டினால், அவள் பாட்டி. "பையைத் திறந்து காட்டிவிட்டுப் போ" என்று நீளும் ஒரு கைக்கு அடுத்தாற்போல் ஒட்டினால், அவமானப்பட்டவள். அவள் ஒன்றுமே செய்யவில்லை. நின்று மூச்சு வாங்கினாள், அவ்வளவுதான். கத்தரிக்கோல்தான் தீர்ப்பு எழுதியது.

ஆகவே ஆறாவது ரகம் ஒன்று இருக்கிறது. சமூகக் கதை என்று சொல்லுங்கள். அதன் முன்னோட்டம் இப்படி இருக்கலாம்: காலிப் பை. வீட்டுக்குள் மூன்று குரல்கள், மூன்று பெயர்கள். எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கின்றன. கேமரா வெளியே படியில் இருக்கிறது. அங்கே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதன் சொந்தக்காரி கதவைத் தட்டக் கையைத் தூக்கியவள், தன் பெயர் காதில் விழுந்ததும், தூக்கிய கையை அப்படியே வைத்துக் கொண்டு நிற்கிறாள். தட்டுகிறாளா, திரும்பிப் போகிறாளா? இருட்டு. படத்தின் பெயர்.

இந்த முன்னோட்டத்துக்கும் செலவு ஒரு பைதான். ஆனால் வகுப்பில் போட்டுக் காட்டினால், விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

சட்டம் விட்டாலும்...

முன்னோட்டம் என்பது பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கும் வாக்கு என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி அப்படியில்லை. 2016-ல் 'ஃபேன்' என்ற இந்திப் படம் வந்தது. முன்னோட்டத்தில் ஒரு பாட்டு வந்தது. படத்தில் அந்தப் பாட்டு இல்லை. பாட்டுக்காகவே குழந்தைகளை அழைத்துக் கொண்டு போன ஒரு தாயார், ஏமாந்த குழந்தைகள் இரவுச் சாப்பாடே சாப்பிடவில்லை என்று நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். பத்தாயிரம் ரூபாய் நஷ்ட ஈடும் தீர்ப்பாயிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2024-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. முன்னோட்டம் என்பது ஜனங்களைக் கவர்வதற்கான விளம்பரம். அதில் உள்ளதெல்லாம் படத்தில் இருக்கும் என்று ஒப்பந்தம் ஏற்பட்டுவிடாது என்பது அதன் சாரம்.

சட்டம் விட்டுவிட்டது, சரி. சாப்பிடாமல் தூங்கிய குழந்தைகளின் ஏமாற்றத்தை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்ய முடியாது அல்லவா? பேய்ப் படமென்று கூப்பிட்டு அழுகைப் படம் காட்டினால் ஜனங்களுக்குக் கோபம் வருகிறது, நியாயமான கோபம். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. கதையில் வருகிறவர்களுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும். சிரிப்புக்காகவோ திடுக்கிடலுக்காகவோ யார் முகத்தைக் குற்றத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிறோம் என்பதை ஒட்டுகிறவன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். இந்தக் காலத்தில் இது மாணவர்களுக்கு மட்டும் சொல்கிற புத்திமதியும் அல்ல. வாசல் கேமராவில் பதிந்த பத்து விநாடியைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இந்த ஆளைத் தெரிகிறதா?" என்று கேட்கிறார்களே, அவர்களும் முன்னோட்டம் தயாரிப்பவர்கள்தாம். படம் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறவர்கள் நாம்!

கையில் கொடுத்தனுப்பச் சில குறிப்புகள்

பிள்ளை காத்துக் கொண்டிருக்கிறது. உபதேசத்தை நிறுத்திவிட்டு உபயோகமான விஷயத்துக்கு வருகிறேன்.

நீளம் ஒரு நிமிஷம் போதும். அமெரிக்காவில் இரண்டரை நிமிஷ முன்னோட்டங்களே அதிகமென்று, 2014-ல் தியேட்டர் சொந்தக்காரர்களின் சங்கம் இரண்டு நிமிஷமாகக் குறைக்கச் சொன்னது. பெரிய நட்சத்திரங்களுக்கே அந்தக் கதியென்றால் நம் வீட்டு நட்சத்திரங்களுக்கு ஒரு நிமிஷம் தாராளம்.

சினிமாப் பாட்டுகளை எடுத்து ஒட்ட வேண்டாம், உரிமை வேறொருவருடையது. அடுக்களையிலேயே ஒரு வாத்தியக் கோஷ்டி இருக்கிறது. பில்டர் சொட்டுவது, டம்ளர் உருளுவது, குக்கர் விசிலடிப்பதற்கு முன் விடும் பெருமூச்சு, எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்து கொள்ளலாம்.

மாடிப்படியில் படமெடுப்பதற்கு முன் குடியிருப்புக்காரர்களிடம் சொல்லி விடுங்கள். விடியற்காலை நாலரை மணிக்கு 'சரக் சரக்' என்று சத்தம் கேட்டால் கீழ் வீட்டுத் தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். யாருடைய முகத்தையாவது காட்டுவதென்றால் அவரிடம் கேட்டுக் கொண்டு காட்டுங்கள். எதற்குப் பக்கத்தில் காட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எடுத்து முடித்ததும் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். பிறகு படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். இரண்டு தடவையும் 'இது இன்ன ரகம்' என்று தெரிந்தால் வேலை சுத்தம்.

கடைசியாக ஒன்று. ஆறு ரகங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? எது அதிகச் சிரிப்பு, எது அதிகப் பயம் என்று பார்க்க வேண்டாம். "இந்தப் படத்தை முழுவதும் எடுக்கச் சொன்னால் உனக்கு எடுக்கத் தெரியுமா?" என்று பிள்ளையைக் கேளுங்கள். எதற்கு "தெரியும்" என்று தயங்காமல் பதில் வருகிறதோ அதுவே சரியான ரகம். படிக்கட்டில் கையைத் தூக்கிக் கொண்டு நின்றவள் அடுத்து என்ன செய்தாள் என்பது அவனுக்கோ அவளுக்கோ தெரிந்திருந்தால், மற்ற ஐந்தையும் தூக்கிப் பரண் மேல் போட்டு விடலாம்.

அதெல்லாம் சரி, பால் பாக்கெட்டை எடுத்தது யார் என்கிறீர்களா? மீதியை உங்கள் வீட்டுப் பிள்ளை எடுக்கப் போகும் படத்தில் காண்க!